செவ்வாய்க்கிழமை நோயாளி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்லைன் படிப்பு என்றால் அதற்கு இடமும் தேவையில்லை, நேரமும் தேவையில்லை என்று நான் நம்பினேன். வேலை ஒரு பக்கம் நடக்கும், படிப்பு அதன் பாட்டுக்குக் காதுக்குள் நடக்கும், இரண்டு வருடம் கழிய சான்றிதழ் தபாலில் வரும். அடுப்பில் சோறு வேகும்போது நாம் வேறு வேலை பார்ப்பதில்லையா, அந்தக் கணக்கு.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பரிஸில் ஒரு மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் பதினெட்டு வருடம் தாதியாக வேலை செய்திருந்தேன். சேர்ந்தது நீங்கள் இப்போது சேர்ந்திருக்கிற அதே படிப்புத்தான். முடித்தால் நீண்டகால நோயாளிகளை நாமே பரிசோதித்துத் தொடர்ந்து பார்க்கலாம், சில மருந்துகளை நாமே எழுதலாம். உங்களில் நாலைந்து பேர், "அண்ணை, வேலையையும் படிப்பையும் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் ஓர் அட்டவணை போட்டுத் தருவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. அட்டவணை என்னிடமும் இருந்தது. நான்கு நிறத்தில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். இரண்டாம் வாரம் மனைவி அதன்மேல் கோயில் கலண்டரை ஒட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை, நான் உட்பட.

முதல் மாதம் ரயிலில் படித்தேன். எங்கள் வீடு பரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில். காலை ஐந்தே முக்கால் ரயிலில் ஏறி, காதில் பாடத்தைப் போட்டு, கண்ணை மூடிக் கவனிப்பேன். சிறுநீரகத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் மெதுவாகப் பேசினால் எனக்கு வருகிற நித்திரை வேறு எந்தத் தூக்கக் குளிசைக்கும் வராது. இரண்டு தடவை, இறங்கவேண்டிய கார் து நோர் நிலையத்தில் இறங்காமல் பரிஸைக் குறுக்காகக் கடந்து, மறுபக்கத்தில் பெயர் தெரியாத ஒரு நிலையத்தில் கண் விழித்தேன். பாடம் அப்போதும் சிறுநீரகத்தில்தான் நின்றது.

அடுத்த மாதம் வேலை நேரத்திலேயே ஒரு காதில் பாடம், மறு காதில் நோயாளி என்று ஏற்பாடு செய்தேன். ஒரு வயதான பிரெஞ்சு அம்மாவுக்குக் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தன்னுடைய நாய் செத்துப்போய்விட்டது என்று அவர் சொன்னார். "மிக நல்லது, அப்படியே தொடருங்கள்" என்றேன். எங்கள் பிரிவின் பொறுப்புத் தாதி வாசலில் நின்றிருந்தார். அதிகம் பேசாத மனுசி. வந்தார், இரண்டு விரலால் என் காதிலிருந்ததைக் கழற்றினார், பக்கத்திலிருந்த சிறுநீர் மாதிரிக் குப்பிக்குள் போட்டு மூடினார். "உங்களுக்கு இரண்டு காது இருப்பது இரண்டு பேர் பேசுவதற்கு அல்ல" என்றார். நான் அதை ஒரு நல்ல பகிடியாக எடுத்துக்கொண்டு வீட்டில் சொல்லிச் சிரித்தேன். படிப்பின் முடிவில்தான் அது விளங்கியது.

இனி அந்த முடிவுக்கு வருகிறேன்.

படிப்பின் முடிவில் ஒரு செய்முறைப் பரீட்சை இருந்தது. நடுவர்கள் இரண்டு பேர் கணினித் திரையில் இருப்பார்கள். நாங்கள் ஒரு தன்னார்வ நோயாளியை நாங்களே ஒழுங்கு செய்து பக்கத்தில் இருத்தவேண்டும். பரீட்சைக்குப் பத்து நிமிடம் முன்னர் ஒரு தாள் வரும். அதில் உள்ள நோயாளியாக அந்த ஆள் நடிக்கவேண்டும், நாங்கள் இருபது நிமிடம் அவரை விசாரித்துப் பரிசோதிக்கவேண்டும். அறை மூடியிருக்கவேண்டும். மூன்றாம் ஆள் வரக்கூடாது. பரீட்சார்த்தி இடையில் எழும்பிப் போனால் அத்துடன் பரீட்சை முடிந்தது.

மூன்றாம் ஆள் வரக்கூடாது என்ற நிபந்தனையில் என் வீடு அடிபட்டுப்போனது. எங்கள் மாடிக் கதவின் இரகசிய எண் பாதி யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். அழைப்பிதழ் தர வருகிறவர்கள், ரத்தப் பரிசோதனைத் தாளோடு வருகிறவர்கள், "இந்தப் பக்கம் வந்தனாங்கள்" என்று வருகிறவர்கள். கார்ஜுக்கு யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை, அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வருவார்கள்.

அப்படித்தான் ஸ்ரூடியோ அண்ணையிடம் போனேன். பரிஸின் தமிழ்க் கடைத்தெருப் பகுதியான லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே முதலாம் மாடியில் அவருடைய படப்பிடிப்பு நிலையம். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், கடவுச்சீட்டுப் படம் எல்லாம் செய்வார். அறுபத்தொரு வயது. சனி ஞாயிறு மண்டபம் மண்டபமாக ஓடுவதால் செவ்வாய்க்கிழமைகளில் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே தனியாக இருந்து படங்களைத் திருத்துவார். அமைதியான அறை, நல்ல வெளிச்சம், வேகமான இணையம். ஒரு குறைதான். அந்த அறையில் நோயாளி இருக்கக்கூடிய ஒரே ஆசனம், சாமத்தியவீட்டில் பூப்படைந்த பிள்ளைகளை இருத்திப் படமெடுக்கிற பொன் நிறச் சிம்மாசனம். இரண்டு பக்கமும் மயில். பின்னால் திரைச்சீலையில் நீர்வீழ்ச்சி.

"பரீட்சை வரைக்கும் செவ்வாயிலை வாரும், பழகுவம்" என்றார். "ஆனால் ஒண்டு. நான் நடிச்சனான் எண்டு வெளியிலை சொல்லக்கூடாது. எனக்கு மார்க்கெற் போயிடும்."

என்னை அவர் அரை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார். படிப்பு முடிந்தால் முக்கால் டொக்டராக உயர்த்துவதாக வாக்குத் தந்திருந்தார்.

முதல் செவ்வாய் வேலை முடிந்து மூன்று மணிக்குப் போனேன். பயிற்சித் தாளில் இருந்தது, மாத்திரையை ஒழுங்காக எடுக்காத ஒரு குருதி அழுத்தக்காரர். அண்ணையைச் சிம்மாசனத்தில் இருத்தித் தொடங்கினேன்.

"சொல்லுங்கோ ஐயா, என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"பிறசர்."

"குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ?"

"எடுக்கிறன். இல்லை, எடுக்கேல்லை. உம்மடை தாளிலை என்ன கிடக்கு?"

"தாளைப் பாராதேங்கோ அண்ணை. வேறை என்ன கரைச்சல் இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "மெற்றோப் படி ஏறேக்கை நெஞ்சுக்குள்ளை ஒரு பாரம். நிண்டால் போயிடும்."

"அது இந்தக் கேசிலை இல்லை."

"சும்மா சேர்த்தனான். வெறும் பிறசரை வைச்சுப் படம் ஓடாது தம்பி."

சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். இரண்டாம் செவ்வாயும் அந்தப் பாரம் வந்தது. தாளில் இருந்தது நீரிழிவுக்காரர். மூன்றாம் செவ்வாய் தாளில் ஆஸ்துமாக்காரர். அப்போதும் வந்தது. அன்றைக்கு வருணனையும் கூட்டியிருந்தார்.

"கலியாண அல்பம் இருக்கெல்லோ, பெட்டியோடை. அதை ஆரோ நெஞ்சிலை வைச்ச மாதிரி. பேந்து உதிலை, நாடியிலை இழுக்கும்." தாடையைப் பிடித்துக் காட்டினார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் முடிக்காத கட்டுரை ஒன்று கிடந்தது. வேலையில் இரண்டு பேர் விடுப்பு. இந்த மனுசனோ என் இருபது நிமிடத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை," என்றேன், "நெஞ்சு நோக்காரனாய் நடிக்கிறதெண்டால் நெஞ்சைப் பிடிக்கோணும். நாடியைப் பிடிச்சால் பல்லு நோகுதாக்கும் எண்டு நினைப்பினம்."

பதினெட்டு வருடம் தாதியாக இருந்த ஒருவன் சொன்ன வசனம் இது. வேண்டுமானால் திரும்ப ஒருமுறை வாசியுங்கள், நான் பல தடவை வாசித்துவிட்டேன். இதில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. இருதய நோ எப்போதும் இடது நெஞ்சில்தான் வரும் என்றில்லை, தாடையில் வரும், முதுகில் வரும், கையில் வரும் என்ற பாடத்தை அதே வாரந்தான் முடித்திருந்தேன். அதற்கான ஒன்லைன் கேள்விகளில் எனக்கு இருபதுக்குப் பதினெட்டு.

ஸ்ரூடியோ அண்ணை நல்ல மாணவன். நாலாம் செவ்வாய் தாடையை விட்டுவிட்டு இடது நெஞ்சைப் பிடித்தார். ஐந்தாம் செவ்வாய் கண்ணையும் கொஞ்சம் சொருகினார்.

"இப்ப சரி" என்று பாராட்டினேன். "ஆனால் பரீட்சை அண்டைக்கு இதெல்லாம் வேண்டாம். தாளிலை இருக்கிறதை மட்டும் சொல்லுங்கோ. என்ரை ரெண்டு வருசம் அண்ணை."

"ஓம், ஓம்" என்றார். "உம்மடை ரெண்டு வருசம்."

ஆறாம் செவ்வாய் பரீட்சை. பிற்பகல் மூன்று மணி. நான் மனைவி தேய்த்துத் தந்த சட்டையோடு ஒன்றரைக்கே போய்விட்டேன். கழிப்பறைக்கு நாலு தடவை போனேன். நாலாம் தடவை போகும்போது அண்ணை, "இருதயமோ சிறுநீரகமோ, எதிலை பரீட்சை?" என்று கேட்டார். கீழே மளிகைக் கடையில் வெங்காயம் வந்து இறங்கிய சத்தம் கேட்டது. கதவைப் பூட்டினோம். கணினியை அவருடைய கமரா முக்காலியில் பூட்டினோம். பெரிய விளக்கை அவர் என் முகத்துக்குத் திருப்பினார். "நோயாளி இருட்டிலை இருந்தாலும் பரவாயில்லை. மாப்பிளை நீர்தானே."

தாள் வந்தது. மீண்டும் குருதி அழுத்தம். மனதுக்குள் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

திரையில் இரண்டு பேர் தோன்றினார்கள். குட்டைத் தலைமயிர் வெட்டிய ஓர் அம்மா, தாடி வைத்த ஒரு மருத்துவர். அம்மா சிம்மாசனத்தையும் மயில்களையும் நீர்வீழ்ச்சியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது உங்கள் வேலைத்தலமா?"

"ஒரு கலாசார நிலையம், அம்மணி" என்றேன்.

தொடங்கினோம். பிரெஞ்சில்தான். அண்ணை முப்பது வருடம் இங்கே இருப்பவர், பிரெஞ்சில் அவருக்குப் பயமில்லை. குளிசை பற்றிக் கேட்டேன், தாளில் உள்ளபடி சொன்னார். உப்புப் பற்றிக் கேட்டேன், சொன்னார். வசனம் வசனமாக வண்டி ஓடியது. தாடிக்கார மருத்துவர் தலையை ஆட்டி ஏதோ எழுதினார். என் உள்ளங்கை காய்ந்தது. பாஸ் என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் பிரிவில் எந்த யன்னலோரம் எனக்கு மேசை கேட்கலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் அண்ணையின் கை மெதுவாகத் தாடைக்குப் போனது.

கண்ணால் எச்சரித்தேன். கை இறங்கவில்லை.

"பரீட்சார்த்தி அவர்களே," என்றார் திரையில் அந்த அம்மா, "உங்கள் நோயாளி தாடையைப் பிடித்திருக்கிறார். எங்கள் தாளில் அது இல்லை. ஏன் என்று கேட்டீர்களா?"

இப்போது நான் சொன்ன பதிலை எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று மனைவி சொன்னார். "மன்னிக்கவும் அம்மணி, அது அவருடைய நடிப்பு. நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், திருந்துகிறாரில்லை."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "கேளுங்கள்" என்றார்.

நாடித்துடிப்பு எப்படியும் பார்க்கவேண்டியிருந்ததால் அவர் கையைப் பிடித்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி இருந்தது. குளிர், மேலே ஈரம். மேலுதட்டில் வியர்வை. விளக்கு என் முகத்தில் எரிந்துகொண்டிருக்க, இருட்டில் இருந்த மனுசனுக்கு வியர்த்திருந்தது.

"அண்ணை, உண்மையோ?" என்றேன் தமிழில்.

"நீர் முடியும்" என்றார். "இன்னும் ஏழு நிமிசந்தானே."

அந்த இடத்தில் ஒரு விநாடியும் தயங்காமல் எழும்பினேன் என்று எழுத ஆசை. எழும்பவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு வருடம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது, ரயில், சிறுநீரகம், நாலு நிற அட்டவணை எல்லாம். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. மூன்று தடவை பார்த்தேன் என்பது தெரியும். பிறகுதான் எழும்பி, சட்டப்படி என் பரீட்சையை முடித்துவைத்து, அவசர மருத்துவ இலக்கத்துக்கு அழைத்தேன்.

மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. நான் நிமிர்ந்து நின்று, "மதிப்புக்குரிய நடுவர்களே, அறுபத்தொரு வயதான ஓர் ஆண் நோயாளியை உங்கள் முன் சமர்ப்பிக்கிறேன்" என்று தொடங்கினேன். இரண்டு வருடப் பயிற்சி. வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஐயா, முகவரி" என்றார் அந்தப் பெண்.

முகவரியைத் தெளிவாக, கட்டட இலக்கம், மாடி இலக்கம், கதவின் இரகசிய எண் எல்லாவற்றோடும் சொன்னேன்.

சிம்மாசனத்திலிருந்து ஒரு மெல்லிய குரல். "தம்பி, அது கார்ஜ். உம்மடை வீடு. இஞ்சத்தையைச் சொல்லும்."

திருத்திச் சொன்னேன். பிறகு அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன், சொன்னதைச் செய்தேன். கை தன்பாட்டில் வேலை செய்தது, பதினெட்டு வருடம் கைக்குள் இருந்தது போல. மண்டைக்குள் மட்டும் கோழி ஓடிக்கொண்டிருந்தது.

"லைற்றை நிப்பாட்டும்" என்றார் அண்ணை கண்ணை மூடியபடி. "சும்மா எரியுது."

"கதையாதேங்கோ அண்ணை."

"ஐஞ்சு கிழமையாய்க் கதைக்கச் சொன்னனீர். இப்ப கதைக்கவேண்டாமாம்."

அவசர வண்டிக்காரர்கள் கெதியாக வந்தார்கள். மூன்று பேர் உள்ளே நுழைந்து, மயில்களுக்கு நடுவில், நீர்வீழ்ச்சிக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் வீற்றிருந்த மனிதரைக் கண்டு ஒரு கணம் நின்றார்கள். அவர்களில் ஒருவன் முக்காலியில் இருந்த கணினியைப் பார்த்து, "இது என்ன, நேரடி ஒளிபரப்பா?" என்று கேட்டான். திரும்பிப் பார்த்தேன். திரையில் நடுவர்கள் இரண்டு பேரும் இன்னும் இருந்தார்கள். அந்த அம்மா வாயைக் கையால் பொத்தியபடி எழும்பி நின்றார். நான் ஏனோ அவருக்குக் கை காட்டிவிட்டு, வண்டிக்காரர்களுக்குப் பின்னால் படியில் இறங்கி ஓடினேன். கணினியை மூடவில்லை. விளக்கையும் நிப்பாட்டவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் பார்க்கப் போனேன். அடைப்பு எடுத்து, இருதயக் குழாயில் ஸ்ரென்ற் என்கிற வலைச்சுருள் இரண்டு வைத்திருந்தார்கள். தலையணையில் சாய்ந்து தயிர் தின்றுகொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை நேரை சொல்லேல்லை?" என்று கேட்டேன். பகிடி விட முயன்றேன், வரவில்லை.

கரண்டியை வைத்தார். "வாற வருசத்துக்குப் பதினாலு கலியாணம் படம் பிடிக்கச் சொல்லி வைச்சிருக்கினம். நெஞ்சு வருத்தக்காரனிட்டை ஆர் குடுப்பினம்? தாலி கட்டேக்கை விழுந்திட்டன் எண்டால் திருப்பிக் கட்டேலுமே?"

"நான் வெளியிலை சொல்லுவனோ?"

"நீர் சொல்லமாட்டீர். ஆனால் நேரை சொன்னால், நேர்ஸெல்லோ, உடனை டொக்டரிட்டை அனுப்புவீர். எனக்குப் பயம். அதுதான் நடிச்சுச் சொன்னனான். பெரிய விசயம் எண்டால் நீரே பிடிப்பீர், இல்லாட்டிச் சின்ன விசயமாக்கும் எண்டு விட்டிட்டன்." மீண்டும் கரண்டியை எடுத்தார். "நீர் நடிப்புச் சரியில்லை எண்டனீர்."

 

உங்களுக்கு அட்டவணைக்குப் பதிலாக இதைத்தான் தரமுடியும். படிப்பும் வேலையும் ஒன்றையொன்று இழுக்கும்போது நேரந்தான் குறையும் என்று நினைப்பீர்கள். எனக்கு நேரம் கிடைத்தது, எப்படியோ கிடைத்தது. குறைந்துபோனது காது. தாளில் இருக்கிற நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது கதிரையில் இருக்கிற நோயாளி எனக்கு இடைஞ்சலாகிப்போனார். தாளில் இல்லாத ஒன்றை உங்கள் நோயாளி சொன்னால், பகிடியாகச் சொன்னாலும் நடித்துச் சொன்னாலும், தாளை மூடிவையுங்கள். பரீட்சையைத் திருப்பி எழுதலாம்.

அண்ணையின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்றார். ஆனால் அந்த நிலையத்தில் இப்போதும் கலியாணம் பிடிக்கிறார்கள், கமராவை மருமகன் தூக்குகிறார், அண்ணை பக்கத்தில் நின்று வெருட்டுகிறார் என்பதைக் கட்டாயம் போடவேண்டும் என்றார். போட்டுவிட்டேன். என்னை அவர் இன்னும் அரை டொக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

லாச்சப்பலில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. ஒரு நேர்ஸ் பரீட்சை நடக்கும்போதே ஆளின் முகத்தைப் பார்த்து மாரடைப்பைக் கண்டுபிடித்தாராம், பரீட்சையைத் தூக்கி எறிந்தாராம், பிரெஞ்சு நடுவர்கள் எழும்பி நின்று கைதட்டி அந்த இடத்திலேயே பாஸ் போட்டார்களாம். மளிகைக் கடைக்காரர் இதை நம்பி எனக்கு இரண்டு தடவை முருங்கைக்காய் சும்மா தந்தார். முருங்கைக்காய் இங்கே விற்கிற விலைக்கு நான் மறுத்துப் பேசவில்லை.

உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. பரீட்சை நிறைவு பெறவில்லை, மறுபடியும் தோற்றவும். செப்டெம்பரில் மறுபடியும் தோற்றினேன், இருபதுக்குப் பதினொன்று. ஸ்ரூடியோ அண்ணை ஐந்து செவ்வாய் தன் வருத்தத்தை எனக்குச் சொன்னார். முதல் இரண்டும் காதில் விழவில்லை, அடுத்த மூன்றும் அவருடைய நடிப்பைத் திருத்தினேன். ஆறாம் செவ்வாய் அதைக் கண்டு கேட்டவர் திரைக்குள் இருந்த அந்த அம்மா.